கடலின்மேல் மிதக்கும் நன்னீர்

ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செலுத்துவதற்காகக் கீரிமலையிலே திரளும்போது, கடலில் மூழ்கி எழுந்த ஈரத்தோடு, அக்கடலினின்றும் ஒரு மதிலளவே விலகியிருக்கும் கேணியிலும் இறங்கி நீராடுவது நம்மவர் வழக்கமாகும். கடலிலே உதட்டிற் கரித்த உப்பு, சில அடி நடந்து கேணியில் இறங்கியவுடன் கழுவுண்டு போவதை அங்கே நீராடிய எவரும் உணர்ந்திருப்பர். குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையும், கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுலமுனிவரின் கதையும் இந்தத் தீர்த்தத்தின் மகிமையை நமக்குச் சொல்கின்றன. ஆயினும், கடலுக்கு இவ்வளவு அணித்தாக நன்னீர் எங்ஙனம் நிற்கின்றது என்ற வினா, பக்தியோடு நீராடும் ஒருவரின் மனத்திலும் எழாமற் போவதில்லை.

இவ்வினா கீரிமலைக்கு மாத்திரம் உரியதன்று. அது அமைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடலும் கடனீரேரிகளும் எப்புறத்தும் சூழ்ந்திருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கே இல்லை. வழுக்கியாறும் மாரி காலத்தில் மாத்திரமே பெருக்கெடுப்பது. இருந்தும், கோப்பாயிலும் உரும்பிராயிலும் கொண்டாவிலிலும் செம்பாட்டு மண்ணைத் தோண்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக நன்னீரையே கண்டு, அதைக்கொண்டே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்து வந்திருக்கின்றனர். கடல் மட்டத்திற்குக் கீழே அடி இறங்கிய கிணற்றிலும் கடல் வந்து நிறையாதது ஏன்? இதற்கு விடை பகர்வது ஒரு சிறிய எண். அவ்வெண்ணை வீட்டிலேயே கணித்தறியும் வழியைக் கூறுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பாரமும் அடர்த்தியும்

“இரும்பு பாரமா, பஞ்சு பாரமா?” என்று சிறுவர்களைக் கேட்டால், “இரும்பு” என்றே விடை வரும். ஒரு மூடைப் பஞ்சையும் ஓர் ஆணியையும் அவர்முன் வைத்தால், அவ்விடை உடனே தடுமாறும். அவர்கள் சொல்லக் கருதியது பிழையன்று. சொல்லிய சொல்லே போதாதது. ஒரே அளவான இடத்தை அடைக்குமாறு இரண்டையும் எடுத்து நிறுத்தால் எது கூடுதலாக நிறுக்கும் என்பதே அவர்கள் மனத்திலிருந்த கருத்து.

ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவைத் திணிவு என்றும், அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவைக் கனவளவு என்றும் கூறுவர். திணிவைத் தராசு காட்டும். கனவளவை அளவுப் பாத்திரம் காட்டும். திணிவைக் கனவளவாற் பிரித்து வருவதே அடர்த்தி. ஒரு லீற்றர் இடத்திலே எத்தனை கிராம் சடம் செறிந்திருக்கின்றது என்று கேட்பதும், அப்பொருளின் அடர்த்தி யாது என்று கேட்பதும் ஒன்றே. மூடையின் பருமனோ ஆணியின் சிறுமையோ இங்கே பொருட்டன்று: ஒரு துளி நல்லெண்ணெய்க்கும் ஒரு பீப்பாய் நல்லெண்ணெய்க்கும் அடர்த்தி ஒன்றாகவே இருக்கும். ஆகையாற்றான் அடர்த்தி என்பது ஒரு பொருளை இன்னதென்று இனங்காட்டும் குணமாகவும் அமைகின்றது.

ஒரு போத்தலும் ஒரு தராசும்

இனி, கடல்நீரின் அடர்த்தியை நாமே கணிப்போம். இதற்கு வேண்டுவன சமையலறைத் தராசு ஒன்று, கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தல் ஒன்று, சிறிது மழைநீர், சிறிது கடல்நீர் என்பவை மாத்திரமே. கிணற்று நீரை விட்டு மழைநீரை நாடுவதற்குக் காரணம் உண்டு. நம் கிணற்று நீரிலே சுண்ணாம்பும் பிறவும் கரைந்திருக்கின்றன. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே. மழைநீரோ வானத்தில் வடிக்கப்பட்ட நீர். கடல்நீரைக் காங்கேசன்துறை, பருத்தித்துறை போன்ற திறந்த கரையிலிருந்து எடுத்தல் நன்று. கடனீரேரியின் நீர் மாரியிலே நீர்த்தும் கோடையிலே உப்பு மிகுந்தும் காலத்துக்கு ஏற்ப வேறுபடும். எடுத்த நீரை ஓரிரவு அசையாது வைத்து மண் அடியிற் படியவிட்டு, இரு நீரும் ஒரே அறையின் வெப்பத்தை அடைந்த பின்னர் பரீட்சையைத் தொடங்குக.

முதலில் வெறும் போத்தலை நிறுக்கவேண்டும். அது 420 கிராம் எனக் கொள்வோம். அடுத்து மழைநீரை விளிம்புவரை நிரப்பி, வெளிப்புறத்து ஈரத்தைத் துணியால் நன்கு துடைத்து நிறுத்தால் 1170 கிராம் வருகின்றது என்க. எனவே போத்தலிலுள்ள மழைநீர் 750 கிராம். அந்நீரைக் கொட்டி, போத்தலை முற்றாக உலர்த்தி, அதே விளிம்புவரை கடல்நீரை நிரப்பி நிறுத்தால் 1189 கிராம் என்று தராசு காட்டுகின்றது. போத்தலின் பாரத்தைக் கழித்தால் கடல்நீர் 769 கிராம்.

போத்தல் ஒன்றே; விளிம்பும் ஒன்றே; ஆகவே இரண்டும் அடைத்த இடமும் ஒன்றே. அந்த இடத்தில் மழைநீர் 750 கிராமும் கடல்நீர் 769 கிராமும் அடங்கியுள்ளன. 769ஐ 750ஆற் பிரித்தால் ஏறக்குறைய 1.025 கிடைக்கும். ஒரு பொருளின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் இந்த எண்ணைத் தன்னீர்ப்பு என்று நம் பழைய பாடநூல்கள் வழங்கின. நன்னீர் லீற்றருக்கு ஏறக்குறைய 1000 கிராம் நிறுப்பதால், கடல்நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 1025 கிராம் நிறுக்கும் என்று நாம் துணியலாம். நமது வெப்பமான காலநிலையில் இரு நீரும் சிறிது விரிந்து, அவற்றின் அடர்த்தி இம்மியளவு குறையுமாயினும், இரண்டும் ஏறத்தாழ ஒருங்கே குறைவதால் அவற்றின் விகிதம் பிறழ்வதில்லை. போத்தலின் கனவளவை நாம் தனியே அளக்காமலே கணக்கு முடிந்துவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கது; மழைநீரே அதனை நமக்காக அளந்து தந்தது.

ஒரு கிராம் தவறினால்

இக்கணக்கில் இரு நீருக்கும் உள்ள வித்தியாசம் 19 கிராம் மாத்திரமே. தராசு ஒரு கிராம் கூட்டிக் காட்டினால் 1.025 என்பது ஏறத்தாழ 1.027 ஆகும்; ஒரு கிராம் குறைத்துக் காட்டினால் 1.024 ஆகும். எண்ணின் கடைசியில் நிகழும் இந்த அசைவு அற்பமாகத் தோன்றும். ஆனால் நாம் பின்னர்ப் பயன்படுத்தப்போவது 1.025 முழுவதையும் அன்று. அதன் வாலாக நிற்கும் 25ஐயே. 25 என்பது 27 ஆவதும் 24 ஆவதும் அற்பமல்ல.

ஆகையால் அறிவியலார் இரண்டு உபாயங்களைக் கைக்கொள்வர். ஒரே அளவையை மூன்று நான்கு முறை செய்து சராசரி காண்பது ஒன்று. பாத்திரத்தைப் பெரிதாக்குவது மற்றொன்று. ஐந்து லீற்றர்க் கலனில் இதே பரீட்சையை நிகழ்த்தினால் வித்தியாசம் ஏறக்குறைய 125 கிராம் ஆகும். அங்கே ஒரு கிராம் தவறினாலும் விடை பெரிதும் பிறழாது. எந்த அளவையிலும் விடையைக் காண்பதோடு அமையாது, அவ்விடை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் காண்பவனே அளக்கக் கற்றவன்.

கரைந்த உப்பின் கணக்கு

சமுத்திர நீர் ஒரு கிலோகிராமிலே சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பது பலரும் அறிந்தது. அவ்வாறாயின், கடல்நீரின் அடர்த்தி 1035 ஆகாமல் 1025 அளவில் நின்றது ஏன் என்ற ஐயம் இங்கே எழுதல் இயல்பே. கரைந்த உப்பும் இடத்தை அடைக்கின்றது என்பதே விடை. 965 கிராம் நன்னீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால், வரும் 1000 கிராம் கரைசல் ஏறத்தாழ 976 மில்லிலீற்றர் இடத்தைக் கொள்ளும். நீர் மாத்திரம் 965 மில்லிலீற்றர். ஆதலால் உப்பின் பங்கு 11 மில்லிலீற்றர். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே 35 கிராம் உப்பு கரையாத பளிங்காக இருந்தபோது 16 மில்லிலீற்றர் இடத்தை அடைத்தது. கரையும்போது உப்பின் துணிக்கைகள் தம்மைச் சூழ்ந்த நீர்த் துணிக்கைகளை நெருக்கமாகத் தம்பால் இழுத்துக்கொள்வதால், முழுக் கரைசலும் சிறிது சுருங்கிவிடுகின்றது.

ஆனையிறவு உப்பளத்திலே வெயில் செய்யும் தொழிலும் அடர்த்தியை ஏற்றும் தொழிலே. பாத்திகளிலே நீர் ஆவியாகப் போகப் போக எஞ்சிய நீர் பாரங்கொண்டு, லீற்றருக்கு 1210 கிராம் என்ற அளவை அணுகும்போதுதான் கறியுப்பு பளிங்காகப் படியத் தொடங்குகின்றது. அடியிலே பாரம் கட்டிய கண்ணாடிக் குழல் ஒன்றை அந்நீரில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு உயர்ந்து மிதக்கின்றது என்பதைக் கொண்டு அடர்த்தியை வாசிப்பது உப்பளத் தொழிலில் வழக்கம். நீரின் அடர்த்தி கூடக் கூட, குழல் மேலே எழும்.

நாற்பத்தொரு முழமும் நாற்பது முழமும்

இனி நாம் கண்ட எண்ணைக் கிணற்றிலே பிரயோகிப்போம். நிலத்துக்குக் கீழே ஓரிடத்தில் கடல்நீரும் நன்னீரும் சந்தித்து அசையாது நிற்கின்றன என்று கொள்க. கடற்பக்கத்தில் அவ்விடத்தை அழுத்துவது கடல்நீரின் பாரம். நிலப்பக்கத்தில் அழுத்துவது நன்னீரின் பாரம். தராசின் இரு தட்டுக்களும் ஒத்து நிற்பது போல இவ்விரு பாரமும் ஒத்திருந்தாலன்றி நீர் அசையாது நிற்றல் கூடாது.

கடற்பக்கத்தில் நீர் 40 முழ உயரம் நிற்கட்டும். ஒவ்வொரு முழமும் நன்னீரைப்போல் 1.025 மடங்கு பாரமுடையது. ஆகவே மொத்தப் பாரம் 40ஐ 1.025ஆற் பெருக்கிய 41. இப்பாரத்தை ஈடு செய்ய நன்னீர் எத்தனை முழம் நிற்கவேண்டும்? 41 முழம். கடல்நீர் 40 முழம், நன்னீர் 41 முழம். மிஞ்சிய அந்த ஒரு முழமே கடல் மட்டத்திற்கு மேலே எழுந்து நிற்கும் நன்னீராகும். கடல் மட்டத்திற்கு மேலே நன்னீர் ஒரு முழம் நின்றால், அதற்குக் கீழே 40 முழ ஆழத்துக்கு நன்னீர் இறங்கியிருக்கும் என்ற பேருண்மை, ஒரு போத்தலையும் ஒரு தராசையும் கொண்டு பெற்ற எண்ணிலிருந்து இவ்வாறு பிறக்கின்றது. மரக்கலம் ஒன்று தன் உடலின் பெரும்பகுதியை நீருக்குள் அமிழ்த்திச் சிறுபகுதியை மேலே காட்டி மிதப்பது போலவே, நம் குடாநாட்டின் நன்னீரும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும் இந்நீர்த்திரளை, உருவம் பற்றி நன்னீர் வில்லை என்று அழைப்பர்.

இவ்விதியை, நம் யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் புதுக்கிக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டவராகிய படோன் கைபன் என்ற படைப் பொறியியலாளர், அம்ஸ்ரடாம் நகரை அடுத்த மணற்பாங்கான நிலத்தின் நீரை ஆராய்ந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்டார். ஜெர்மனியின் வடகடற் தீவுகளில் நீர் தேடிய ஹேர்ஸ்பேர்க் என்பவர் தனித்து அதே முடிவை எய்தி 1901இல் எழுதினார். இருவர் பெயராலும் இன்று அவ்விதி வழங்குகின்றது.

கீரிமலை வினாவுக்கும் விடை இப்போது கிடைத்துவிட்டது. குடாநாட்டின் உள்ளே பெய்து ஊறிய மழைநீர், கடல் மட்டத்திலும் சற்றே உயர்ந்து நிற்பதால், கரையை நோக்கி நகர்கின்றது. இலகுவானதாகையால், பாரமான கடல்நீரின்மேல் வழுக்கி வருகின்றது. சுண்ணக்கல்லின் பிளவுகளிலே வழி கண்டு, கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. கேணியில் நாம் நீராடுவது கடலுக்குப் புறப்பட்டு வந்த மழையிலே.

நீரைத் தாங்கும் கல்

நன்னீரைத் தாங்கும் சுண்ணக்கல்லைப் பற்றியும் அடர்த்தி நமக்குச் சிலவற்றைச் சொல்லும். ஒழுங்கான உருவமில்லாத கல்லின் கனவளவை அடிகோல் கொண்டு அளக்க இயலாது. அதனை நீரில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் ஏறுகின்றது என்று பார்ப்பதே ஆர்க்கிமிடீசின் காலந்தொட்டு வரும் வழி. கிணறு வெட்டும்போது எடுத்த துளையுள்ள கல் ஒன்றை உலர்த்தி நிறுத்தால் 434 கிராம் என்க. அதனை நீரில் இட்டவுடன் குமிழிகள் எழும். துளைகளிலிருந்த காற்று வெளியேறி நீர் உட்புகுவதன் அடையாளம் அது. குமிழிகள் அடங்கியபின் எடுத்து, மேற்புறத்து ஈரத்தைத் துடைத்து நிறுத்தால் 474 கிராம் வருகின்றது. ஆகவே கல் 40 மில்லிலீற்றர் நீரைக் குடித்துள்ளது. ஊறிய அக்கல்லை அளவுப் பாத்திரத்தில் அமிழ்த்தினால் நீர் 200 மில்லிலீற்றர் ஏறுகின்றது.

இருநூறில் நாற்பது துளை. எஞ்சிய 160 மில்லிலீற்றரே மெய்யான கல். 434ஐ 160ஆற் பிரித்தால் 2.71 வரும், இது கல்சைற்று என்னும் சுண்ணாம்புக் கனியத்தின் அடர்த்தியாகும். கல்லின் இனத்தையும், அதன் ஐந்திலொரு பங்கு நீருக்கு இடமாயிருப்பதையும், ஒரே பரீட்சை நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. எல்லாக் கல்லிலும் துளையின் பங்கு இவ்வளவே இருக்குமென்பதில்லை. ஓரிடத்தில் குகைபோல் வெளியும் ஓரிடத்தில் இறுகிய பாறையும் இருத்தல் உண்டு. ஆனால் ஆறில்லாத இந்தப் பிரதேசத்திலே, ஐப்பசி முதல் மார்கழி ஈறாகப் பெய்யும் மழையை ஆண்டு முழுமைக்கும் சேமித்து வைக்கும் களஞ்சியம் இக்கல்லே என்பதில் ஐயமில்லை.

நிலாவரை காட்டும் எல்லை

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பது நெடுங்காலத்து நம்பிக்கை. அக்கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பு ஏறி, அடியிலே உப்பு நீராகவும் இருப்பதை அளந்தறிந்துள்ளனர். நாம் கணக்கிலே கண்ட நன்னீர் வில்லையை மேலிருந்து அடிவரை வெட்டிக் காட்டும் இயற்கைச் சாளரம் என்று அதனைக் கூறலாம்.

அச்சாளரம் மற்றோர் உண்மையையும் காட்டுகின்றது. நன்னீர் முடிந்து கடல்நீர் தொடங்கும் இடம் கத்தியால் அறுத்தது போன்ற கோடு அன்று. இரண்டும் கலந்து நிற்கும் ஒரு படை. கடலின் ஏற்றவற்றமும் மழையின் வரவும் கல்லின் வெளிகளிலே நீரை ஓயாது அசைப்பதால் இக்கலப்பு நேர்கின்றது. ஆகவே, நீர் மேலே ஒரு முழம் நின்றால் கீழே 40 முழமும் குடிக்கத்தக்க நீர் என்று எண்ணிவிடலாகாது. நாற்பது என்பது அசையாத நீருக்குச் சொல்லிய எல்லை. நமக்குக் கிட்டுவது அதனினும் குறைவே. நெடுந்தீவு, புங்குடுதீவு போன்ற ஒடுங்கிய நிலங்களில், நீர் உயர்ந்து நிற்பதற்கு வேண்டிய அகலமின்மையால், வில்லையும் மெல்லியதாகவே இருக்கும்.

துலாவும் யந்திரமும்

இதுவரை நமக்கு அனுகூலமாகத் தோன்றிய நாற்பது என்ற எண், மறுபுறம் திரும்பினால் அச்சந்தருவது. மேலே நீர்மட்டம் ஒரு முழம் ஏறினால் கீழே நன்னீரின் அடி 40 முழம் இறங்கும். அவ்வாறே மேலே ஒரு முழம் இறங்கினால், காலப்போக்கிலே, கடல்நீர் கீழிருந்து 40 முழம் ஏறி வரும். கிணற்றில் கண்ணுக்குப் புலப்படும் சிறிய இறக்கம், கண்ணுக்குப் புலப்படாத பெரிய ஏற்றத்தைத் தன்னுள் மறைத்திருக்கின்றது.

ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்திலே, மனிதரின் உடல் வலியே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏற ஓயும். கிணறு மீண்டும் ஊற அவகாசம் கிடைக்கும். யந்திரத்துக்கோ களைப்பில்லை. அது உழவரின் தோளுக்கு ஆறுதல் அளித்தது மெய். அந்த ஆறுதலை எவரும் பழித்துரைக்கலாகாது. ஆயின், தோள் இட்டிருந்த எல்லையை இனி அறிவு இடவேண்டியிருக்கின்றது. ஓரிடத்தில் விரைந்து இறைக்கும்போது, அக்கிணற்றின் நேர்கீழே உப்புநீர் கூம்பு போல மேலெழுகின்றது. ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கலாம்.

1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டமும் இந்தக் கணக்கின் வழி நோக்கினாற்றான் நன்கு விளங்கும். ஆனையிறவுக் கடனீரேரியிற் சேரும் வன்னி நிலத்து வெள்ளத்தை வீணே கடலிற் சேரவிடாது தடுத்து, வடமராட்சி, உப்பாறு ஆகிய கடனீரேரிகளுக்குத் திருப்பி அவற்றை நன்னீராக்கினால், குடாநாட்டின் விளிம்பிலே உப்புக்குப் பதிலாக நன்னீர் நிற்கும். விளிம்பிலே நன்னீர் உயர உயர, உள்ளேயுள்ள வில்லையும் தடிக்கும். ஊர்தோறும் நம் முன்னோர் அகழ்ந்து வைத்த குளங்கள் செய்வதும் அதே பணி. அவற்றைத் தூர்ந்துபோகவிடாது ஆழமாக்கி, மழையை அங்கே தேக்கினால், அந்நீர் கல்லுக்குள் இறங்கி, கிணற்றின் மட்டத்தைச் சில விரற்கடையேனும் உயர்த்தும்.

வாசகரே, போத்தற் பரீட்சையை ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் செய்வியுங்கள். அதன்பின், மாரி முடிந்தவுடன் ஒருமுறையும் ஆவணி புரட்டாதியில் ஒருமுறையுமாக, கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளந்து, ஆண்டுதோறும் ஒரு கொப்பியிலே குறித்து வாருங்கள். நன்னீரிலும் கடல்நீர் லீற்றருக்கு 25 கிராம் பாரம் கூடியது. நம் குடிநீர் முழுவதையும் தாங்கி நிற்பது அந்த 25 கிராமே. கிணற்றிலே நிலையாகக் குறையும் ஒவ்வொரு விரற்கடைக்கும் ஈடாக, கீழே கடல் நாற்பது விரற்கடை ஏறுகின்றது.